தலையணையில் ஒரு பள்ளம்

முன்னறைக் கட்டிலில் அடுக்கி வைத்த தலையணைகளில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்ததன் நடுவில் அன்றைக்கும் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

பிரோஷ்கா மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடித்தாள். காலையில்தான் அதன் மூலைகளைப் பிடித்து இழுத்து, இரண்டு கையாலும் தட்டித் தட்டி, புளித்த ரொட்டி மாவு போல உப்ப வைத்துவிட்டுப் போயிருந்தாள். இப்போது சரியாக ஒரு தலை அளவுக்கு அமுங்கிக் கிடந்தது. பின்மண்டை அழுந்துகிற இடம் ஆழமாக, கழுத்து வருகிற இடம் கொஞ்சம் மேடாக.

பயம் வரவில்லை அவளுக்கு. எரிச்சல்தான் வந்தது. பிறந்த வீட்டிலிருந்து வண்டியில் ஏற்றிக் கொண்டு வந்த தலையணைகள் அவை. அவளே வளர்த்த வாத்துகளின் இறகு. அவளே தைத்த உறை, அவளே சிவப்பு நூலில் போட்ட துலிப் பூக்கள். ஊரில் எல்லாப் பெண்களையும் போல அவளும் அவற்றை உத்தரம் தொடுகிற அளவுக்கு அடுக்கி, கண்ணுக்கு அழகாக வைத்திருந்தாள். அலமாரி மேல் பரப்பியிருந்த ஆப்பிள்களின் வாசனையும், சூடு காணாத சுவரின் மண் வாசனையும் மட்டுமே புழங்கும் அறை அது.

இரண்டு ஆப்பிளை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். அம்ப்ருஷ் அடுப்பின் வாயில் வைக்கோல் திணித்துக்கொண்டிருந்தான்.

"மறுபடியும் என் தலையணையில படுத்தீங்களா?"

"நானா? அந்தக் கட்டில்ல படுக்கணும்னா ஒண்ணு விருந்தாளியா வரணும், இல்ல பொணமா போகணும். நான் ரெண்டும் இல்லையே."

"அப்ப யாரு படுத்தது?"

"பூனையா இருக்கும், விடு."

"பூனைக்கு மனுஷத் தலையா இருக்கு?"

அவன் சிரித்தான். தாடியில் ஒட்டிய வைக்கோலோடு அவன் சிரித்தால் அவளுக்குக் கோபம் தங்காது. அது அவனுக்கும் தெரியும். அன்று மட்டும் தங்கியது.

கோபப்படக் காரணம் தலையணை மட்டுமல்ல. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டதும் தண்டோராக்காரன் பொல்டிஷார் பனியில் நின்று மேளத்தைத் தட்டினான். சக்கரவர்த்தியை எதிர்த்த சண்டைக் காலத்தில் நம் தலைவர் கொஷுத்தின் அரசாங்கம் அச்சடித்த நோட்டு, அதாவது கொஷுத் நோட்டு, இனி யார் வீட்டிலும் இருக்கக் கூடாது; ஒப்படைக்காதவன் வீட்டில் ஜெண்டார்ம் போலீஸ்காரர்கள் வந்து தேடுவார்கள்; கிடைத்தால் வீட்டு ஆண்பிள்ளையைச் சக்கரவர்த்தியின் பட்டாளத்தில் பிடித்துப் போட்டு இத்தாலிக்கு அனுப்புவார்கள். சொல்லி முடித்ததும் பொல்டிஷார் குரலைத் தாழ்த்தி, "கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒருதடவை பைப்பு பத்த வச்சுப் பாருங்கப்பா, நல்லா எரியுது," என்றான். யாரும் சிரிக்கவில்லை. தெருக்கோடியில் இருந்த தச்சரின் மகனைப் பூட்ஸுக்குள் இருந்த ஒரே ஒரு நோட்டுக்காகத்தான் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அம்ப்ருஷ் அந்தப் பட்டாளத்தை எதிர்த்துச் சண்டை போட்டு, தோளில் காயத்தோடு, ஏதோ தெய்வாதீனமாகத் திரும்பி வந்தவன். இன்னொரு முறை போனால் திரும்ப மாட்டான்.

இந்த வீட்டில் நோட்டு இருந்தது. எங்கே இருந்தது என்பதுதான் தெரியவில்லை.

மாமனார் காஷ்பார் வெள்ளை எருதுகள் நான்கையும் நம் படைக்கு விற்றபோது வாங்கியது அது. பீரங்கி இழுக்கப் போன எருதுகள் திரும்பவில்லை. படையும் தோற்றது. கிழவர் மட்டும் தோற்க மறுத்தார். "நாடு விட்டுப் போன கொஷுத் திரும்ப வருவாரு. வந்ததும் செல்லும். என் எருது நாலும் அதுக்குள்ளதான் நிக்குது," என்பார். ஒரு கத்தையாக எங்கோ ஒளித்து வைத்தார். கேட்டால் வாயில் பைப்பை வைத்துக்கொள்வார். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, சொல்லாமலே போயும் சேர்ந்தார்.

பிரோஷ்கா தேடாத இடமில்லை. புகைபோக்கிக்குள் கை விட்டுத் தோள்வரை கரியானாள். கூரை நாணலைப் பிரித்தாள். மாட்டுத் தொழுவத்தின் சாணியைக் கிளறினாள். முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயின் அடிவரை துழாவியதில் கை இரண்டும் புளித்து நாறின. கிழவரின் செம்மறித்தோல் அங்கியைத் தையல் தையலாகத் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"உங்க அப்பா உங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நான் உன்கிட்ட சொல்லிடுவேன்னு அவருக்குத் தெரியும்."

"சொன்னா என்ன? நான் என்ன அந்நியமா?"

"நீ அடுப்புல போட்டுடுவ."

அதுவும் உண்மைதான். அவள் ஆப்பிளைக் கோபமாகத் தோல் சீவினாள்.

மறுநாள் அந்தி சாயும்போது பள்ளம் மறுபடி விழுந்திருந்தது. இந்த முறை அறையில் ஆப்பிள் வாசனைக்கு அடியில் வேறொன்றும் இருந்தது: மட்டமான புகையிலை, மாட்டு வியர்வை, கடைசி வாரங்களில் கிழவரின் முதுகில் அவள் தேய்த்துவிட்ட காடி. அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு தலையணையைத் தட்டினாள். ஈரத்துணியால் துடைத்தாயிற்று, வெயிலில் காயவைத்தாயிற்று, இன்னும் போகவில்லையே இந்த நாற்றம்!

அந்தத் தலையணைதான் அது. படுத்த படுக்கையானதும் கிழவர் அடம் பிடித்து வாங்கிக்கொண்டது. "அந்தத் துலிப் பூப் போட்டதுதான் வேணும், பொண்ணே. மேல இருக்கிறது." எண்ணெய்த் தலையை வைத்து என் பூவேலையைப் பாழாக்குகிறாரே என்று உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டேதான் கொடுத்தாள். கொடுத்தபின் அவர் சாகவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. மூச்சு இழுத்துக்கொண்டே கிடந்தது. சோறும் தண்ணீரும் நின்ற பிறகும் இழுத்தது. கடைசியில் செத்தவர்களைக் குளிப்பாட்டும் வெரோன் அக்கா வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"தலையணையில கோழி இறகு கலந்திருக்கு. அதான் உயிர் பிரியல. உருவிடு."

"என் தலையணையிலயா? கோழி இறகா? அத்தனையும் வாத்து இறகு, அக்கா!"

"அடி, உன் சீர்வரிசையை யாரு குறை சொன்னா? தலைக்கு அடியில என்னமோ ஒண்ணு அவரைப் பிடிச்சு வச்சிருக்கு. உருவு."

ஊரில் எல்லோரும் செய்வதுதான். பிரோஷ்கா உருவினாள். கிழவரின் கை தலையணையின் ஓரத்தைப் பற்றிக்கொண்டது. அத்தனை நாள் கரண்டியைக்கூடப் பிடிக்காத கை. விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. "என் தலைக்கு..." என்றார். தலை வெறும் பலகையில் போய் இடித்தது. கண் அவள்மேலேயே இருந்தது. மூச்சு நின்றுவிட்டது.

சவப்பெட்டியில் இறகு ஆகாது என்று வெரோன் மரச் சீவலை அடைத்து ஒரு சின்னத் திண்டு தைத்து வைத்தாள். அதில்தான் போனார். பிரோஷ்கா தன் தலையணையை எடுத்துப் போய்க் கட்டிலின் உச்சியில் பழையபடி வைத்தாள்.

இப்போது அது நினைவுக்கு வந்ததும் முதன்முறையாக முதுகு சில்லிட்டது.

அடுத்த நாள் காலையில் அதைத் தூக்கி அடுக்கின் அடியில் செருகினாள். மற்றதெல்லாம் அதன்மேல். உச்சியில் இரும்பு இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். கதவைச் சாத்தி, சாவியை மேலுடையின் பையில் போட்டுக்கொண்டாள். பகல் முழுக்கப் பனி பெய்தது. அம்ப்ருஷ் கேட்டான்:

"இஸ்திரிப் பெட்டி எங்க? என் சட்டைக் காலர் பாரு, நாய் கடிச்ச மாதிரி இருக்கு."

"தலையணை மேல இருக்கு."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"ஏம்மா, உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு. இந்த வீட்டுலதான் எதுவும் வச்ச இடத்துல இருக்க மாட்டேங்குது!"

அவன் அவள் தலையை ஒருமுறை தடவிவிட்டு, பசுவுக்குத் தண்ணீர் காட்டப் போனான்.

சன்னல் நீலமாகி, நீலம் கறுப்பாகும் நேரம். முன்னறைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. காய்ந்த சருகைக் கையில் வைத்துக் கசக்குகிற மாதிரி. தூங்குகிறவன் புரண்டு படுக்கிற மாதிரி. நின்றது. மறுபடி கேட்டது. சாவி அவள் பையில்தான் இருந்தது, தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

திறந்தாள்.

தலையணைகள் அடுக்கு கலையாமல் தரையில் இருந்தன. இஸ்திரிப் பெட்டி அவற்றுக்குப் பக்கத்தில், கைப்பிடி சுவர்ப்பக்கம் பார்க்க, யாரோ மரியாதையாக இறக்கி வைத்தது போல. கட்டிலில் அந்த ஒரு தலையணை மட்டும். நடுவில் பள்ளம்.

அவளுக்கு அழுகை வந்தது. பயத்தில் இல்லை. இத்தனை செய்தும் ஒன்றும் பலிக்கவில்லையே என்ற ஆத்திரத்தில். "போதும் மாமா!" என்று கத்திக்கொண்டே ஓங்கி அந்தப் பள்ளத்தில் அறைந்தாள்.

உள்ளங்கை நின்றுவிட்டது.

பள்ளம் சூடாக இருந்தது.

சன்னல் கண்ணாடியில் பனிப் பூ பூத்திருந்தது. குவளைத் தண்ணீர் உறைந்திருந்தது. பள்ளம் மட்டும் சூடு. அப்போதுதான் எழுந்து போன தலையின் சூடு.

கையை வெடுக்கென்று இழுத்தாள். கட்டைவிரல் உறையின் விளிம்பில் எதிலோ சிக்கியது. மெழுகு தடவிய முரட்டு நூல். அவள் நூல் இல்லை. அவளுடைய தையல் கண்ணுக்கே தெரியாது. இது கோணல் மாணலாக, மாட்டு வாருக்குப் போடுகிற தையல். வாழ்நாள் முழுக்க எருதுகளுக்கு வார் தைத்த கையின் தையல்.

ஆண்பிள்ளை ஊசி எடுத்துத் தலையணை தைப்பான் என்று எந்தப் பெண்ணுக்குத் தோன்றும்? தன் கையால் நிரப்பித் தைத்த சீர்த் தலையணையை எவள் சந்தேகப்படுவாள்? வீடு முழுக்கத் தலைகீழாகப் புரட்டியவள், தினமும் காலையில் அதைத்தான் தட்டித் தட்டி வைத்திருக்கிறாள்.

சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கத்தியால் தையலைக் கிழித்தாள். இறகுக்கு நடுவில், சட்டைத் துணியில் சுற்றியபடி, கத்தையாக இருந்தது. கை பட்டுப் பட்டுத் துணி போல மிருதுவான தாள்கள். கறுப்பு எழுத்து, முத்திரை, அடியில் கொஷுத்தின் கையெழுத்து.

அவர் இதற்காகத்தான் பிடித்துக்கொண்டாரா? தலைக்கு அடியில் தன் நான்கு எருதுகள் இருக்க வேண்டும் என்றுதானா?

யோசிக்க நேரமில்லை. நாளை ஜெண்டார்ம்கள் நம் தெருவுக்கு என்று வெரோன் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பிரோஷ்கா அடுப்பின் வாயைத் திறந்து முதல் பிடியைப் போட்டாள்.

உடனே பற்றவில்லை. ஓரம் மட்டும் பழுத்தது. பிறகு சுருண்டது. சாம்பலான பிறகும் எழுத்து அழியவில்லை. கறுப்பில் வெள்ளியாக மின்னியபடி புகைபோக்கிக்குள் பறந்தது. இரண்டாவது பிடி.

முன்னறையில் கட்டில் பலகை முனகியது.

மூன்றாவது பிடி. அங்கே மெத்தை விரிப்பைத் தூக்குகிற சத்தம். பிறகு இன்னொன்று. தரையில் இருந்த தலையணைகள் ஒவ்வொன்றாக எடுக்கப்படுவதும் வைக்கப்படுவதும் கேட்டது. அவசரமில்லாமல். கிழவர் எதையுமே அவசரமாகத் தேடமாட்டார்.

"இல்ல மாமா. இனிமே அது இல்ல," என்றாள் அடுப்பைப் பார்த்தபடியே. "செல்லாத காசு மாமா. உங்க பிள்ளையை எனக்கு விட்டுடுங்க."

கடைசித் தாளையும் போட்டாள். அடுத்த அறையில் சத்தம் நின்றது.

தொழுவத்திலிருந்து திரும்பிய அம்ப்ருஷிடம் சொன்னபோது அவன் குனிந்து அடுப்புக்குள் பார்த்தான்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். திட்டணும்னா திட்டிக்கோங்க."

அவன் திட்டவில்லை. "சின்ன வயசுல அந்த எருது மேல உக்காந்துதான் ஆத்துக்குப் போவேன்," என்றான். பிறகு அவள் கையை எடுத்து, கரி படிந்த விரல்களைத் தன் சட்டையால் துடைத்துவிட்டான்.

அன்றிரவு ஒரு சத்தமும் இல்லை. காலையில் தன் நூலால் தைத்து அவள் வைத்த தலையணை உப்பலாக, வழுவழுவென்று இருந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஜெண்டார்ம்கள் இருவர் வந்தார்கள். நம் பேச்சு தெரியாதவர்கள். பொல்டிஷார்தான் இருபுறமும் பேசினான். பீப்பாயைக் கவிழ்த்தார்கள். புகைபோக்கியைக் குத்தினார்கள். கடைசியில் முன்னறைக்குப் போய், துப்பாக்கிமுனைக் கத்தியால் ஒவ்வொரு தலையணையாகக் கிழித்தார்கள். பிரோஷ்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் ஒன்றையும் விடவில்லை.

"ஒண்ணும் இல்லையாம்," என்றான் பொல்டிஷார், மீசையில் இறகோடு. "இறகு நல்ல உசத்தி இறகுன்னு ஐயா சொல்றாரு."

"அவர் சொல்லலை. நீயா சொல்ற."

"நான்தான் சொல்றேன் தாயி. அவருக்கு எங்க தெரியும்?"

அவர்கள் போன பிறகு அம்ப்ருஷ் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். பிளம் சாராயத்தை எடுத்து ஆளுக்கொரு மடக்கு ஊற்றினான். அவள் தலைமுடியிலிருந்து இறகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தான். "பொழைச்சோம் பிரோஷ்கா. இனி யாரும் வரமாட்டாங்க," என்றான்.

மீதிப் பகலெல்லாம் இறகோடு மல்லுக்கு நின்றதிலேயே போனது. பெருக்கினால் பறந்தது. அள்ளினால் ஒட்டியது. கதவைத் திறந்தால் வீடெங்கும் பரவியது. சலித்துப்போய், கிழிந்த உறைகளை வாரிக்கொண்டு அடுப்பருகே தைக்க உட்கார்ந்தாள். அம்ப்ருஷ் கண்ணைத் தேய்த்தபடி முன்னறை வாசலில் நின்றான்.

"ஒரு நிமிஷம் கட்டையைச் சாய்க்கிறேன். தலையணைதான் ஒண்ணும் இல்லையே, நீ திட்ட முடியாது."

"பூட்ஸைக் கழட்டிட்டுப் படுங்க."

"ஆகட்டும், மகாராணி."

சன்னல் நீலமானது. அவள் தைத்தாள். ஊசி முனை தெரியாமல் போகும்வரை தைத்தாள். நீலம் கறுப்பானது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சருகுச் சத்தம் வரவில்லை. இனி வராது. பள்ளம் விழ அந்த அறையில் ஒரு தலையணைகூட இல்லை.

அப்போது கேட்டது.

சருகு இல்லை. ஒரு பெருமூச்சு. நீண்ட நாள் கழித்துத் தலை சாய்க்க இடம் கிடைத்தவரின் பெருமூச்சு. அது அவளுக்குத் தெரியும். ராத்திரி ராத்திரியாகக் கேட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு புகையிலை. மாட்டு வியர்வை. காடி.

மெழுகுவர்த்தியை எடுத்தாள். ஏற்றினாள். நடந்தாள்.

"என்னங்க?"

அம்ப்ருஷ் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். பூட்ஸ் கழற்றி ஒழுங்காக வைத்திருந்தது. கண் திறந்திருந்தது. அவளைத்தான் பார்த்தது. வாய் அசைந்தது. குரல் வரவில்லை. காற்றும் வரவில்லை.

அவன் நெஞ்சின் நடுவில் ஒரு பள்ளம்.

வட்டமாக. ஒரு தலை அளவுக்கு. பின்மண்டை அழுந்துகிற இடம் ஆழமாக, கழுத்து வருகிற இடம் கொஞ்சம் மேடாக. சட்டைத் துணி அதற்குள் இழுபட்டுச் சுருங்கியிருந்தது. மேலே ஒன்றுமில்லை. வெறும் காற்று.

மெழுகுவர்த்தி கீழே விழுந்து உருண்டது. அணையவில்லை. அவள் இரண்டு கையையும் அந்தப் பள்ளத்துக்குள் விட்டாள். தினமும் செய்வது போலத் தட்டினாள். விளிம்பைப் பிடித்து இழுத்தாள். மறுபடி தட்டினாள்.

சூடாக இருந்தது.

உப்பவில்லை. உள்ளே ஏதோ ஒன்று மெல்ல முறிந்தது. தரையில் சிதறிக் கிடந்த இறகுகள் ஒவ்வொன்றாக எழும்பி, அவன் மார்பில் இறங்கி, பள்ளத்தின் சரிவில் வழுக்கி உள்ளே போய் அமர்ந்தன.

பிறகு பள்ளம் கொஞ்சம் நகர்ந்தது. தூக்கத்தில் தலையைத் தலையணையின் குளிர்ந்த பக்கத்துக்குத் திருப்பிக்கொள்வார்களே, அப்படி. திருப்பி, இடம் பார்த்து, இன்னும் ஆழமாக அழுந்திக்கொண்டது.